வாக் சைக்கிளில் (திரும்பத் திரும்ப ஓடும் நடை அனிமேஷனில்) ஆள் மிதக்கிறார், எடையே வரவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

மாடக்குளம்_பென்சில்:
மதுரையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் கையால் வரையும் அனிமேஷன் ஒரு பாடம். மேடம் கணினியைத் தொடவே விடுவதில்லை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸ், தாள் நகராமல் பிடிக்கும் பெக் பார், துளையிட்ட ஏ4 தாள், பென்சில், அவ்வளவுதான். முதலில் துள்ளும் பந்து, அப்புறம் ஊசல், அப்புறம் மாவு மூட்டை குதிப்பது, இப்போது நடை.

பந்து நன்றாக வந்தது. தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டியபோது அது தரையில் அடித்து எழும்பியதைப் பார்த்ததும் எனக்கு இந்த வேலைதான் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் மூட்டை குதித்தால் உள்ளே மாவு இருப்பதாகவே தெரியவில்லை. நடை அதைவிட மோசம். ஒவ்வொரு படத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை, ஓட விட்டால் ஆள் தரைக்கு மேலேயே போகிறார், ஊன்றிய காலும் வழுக்குகிறது. ஒரு படம் இரண்டு பிரேமுக்கு, அதாவது வினாடிக்கு 24 பிரேமில் 12 படம் என்ற கணக்கில்தான் வரைகிறேன். எடை எங்கிருந்து வருகிறது? இன்னும் நன்றாக வரையக் கற்க வேண்டுமா, இல்லை வேறு ஏதாவதா? கூடப் படிக்கிறவர்கள் சிலர் டேப்லெட்டுக்குப் போய்விட்டார்கள், நானும் போகட்டுமா?

இன்பெட்வீன்_அண்ணன்:
தங்கச்சி, தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியென்றால் வரைவதில் கோளாறு இல்லை, படத்துக்கும் படத்துக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் இருக்கிறது.

மூட்டையை முதலில் பார்ப்போம். காற்றுத் தடையை விட்டுவிட்டால் எந்தப் பொருளும் அரை வினாடியில் சுமார் 1.2 மீட்டர் விழும், பள்ளிக்கூட இயற்பியல்தான். அரை வினாடி என்றால் 12 பிரேம், உங்கள் கணக்கில் 6 இடைவெளி. அந்த இடைவெளிகள் 1, 3, 5, 7, 9, 11 என்று கூடிக்கொண்டே போக வேண்டும், மொத்தம் 36 பங்கு. ஏ4 தாளைப் படுக்கை வாட்டத்தில் வைத்து 18 செ.மீ. உயரம் எடுத்துக்கொண்டால் ஒரு பங்கு அரை செ.மீ. வரும், அதாவது முதல் இறக்கம் அரை செ.மீ., கடைசி இறக்கம் ஐந்தரை செ.மீ. இந்த இடைவெளிகளைத் தாள் ஓரத்தில் கோடுகளாகக் குறித்து டைமிங் சார்ட் போட்டுவிட்டு, மூட்டையின் நடுப்புள்ளியை மட்டும் அந்தக் கோடுகளில் வையுங்கள். அடிப்பாகம் தரையைத் தொட்ட பிறகும் மேல்பாகம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், காது போன்ற நுனிகள் எல்லாவற்றுக்கும் பிந்தி வர வேண்டும். பக்கவாட்டில் அகலும்போது உயரம் அதற்கேற்பக் குறையட்டும், இல்லாவிட்டால் மாவு கூடிக் குறைகிற மாதிரி ஆகிவிடும்.

நடைக்கு வருகிறேன். சாதாரண நடையில் ஒரு அடிக்கு 12 பிரேம். முதல் பிரேமில் குதிகால் தரையில் படுகிறது, 4இல் முழங்கால் மடங்கி உடம்பு இறங்குகிறது, 7இல் ஒரு கால் மற்றதைக் கடக்கிறது, 10இல் உடம்பு ஏறுகிறது, 13இல் அடுத்த குதிகால். எடை முழுவதும் அந்த நாலாவது பிரேமில்தான் இருக்கிறது. மிதக்கிற நடை பலவற்றில் தலை எல்லாப் படத்திலும் ஒரே உயரத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தாள்களை அடுக்கி லைட் பாக்ஸில் தலை உச்சியை மட்டும் புள்ளி வைத்துப் பாருங்கள், அலை வர வேண்டும், நேர்கோடு வந்தால் காரணம் அதுதான்.

கால் வழுக்குவது வேறு விஷயம். ஆள் ஒரே இடத்தில் நடக்கிற மாதிரி வரைந்தால் ஊன்றிய பாதம் படத்துக்குப் படம் சமமான தூரம் பின்னால் போக வேண்டும். அங்கே மட்டும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிப்பது கூடாது. ஸ்கேல் வைத்தே குறியுங்கள்.

கீழமாசி_வீதி_வாசி:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் சார்ட் போட்டுவிட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதாது. கீழமாசி வீதியில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் நேரத்தில் ஒரு ஓரமாக நின்று பார்த்திருக்கிறீர்களா? முதுகில் மூட்டையோடு போகும் லோடுமேனின் பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது, அடி சின்னதாக இருக்கும், முழங்கால் முழுதாக நிமிராது, சுமை பாதத்துக்கு நேர் மேலே வரும்படி உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அதே ஆள் வேறு ஆளாக நடப்பார். இந்த இரண்டு நடையையும் அடுத்தடுத்து வரையுங்கள், ஒரு பருவம் முழுக்கப் படித்தாலும் வராதது இதில் வரும் என்று நம்புகிறேன். அவர்கள் வேலைக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள், போனில் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலான போன்கள் வினாடிக்கு 30 பிரேம் எடுக்கும், அதனால் உங்கள் 12 பிரேம் அங்கே 15ஆக இருக்கும், மாற்றி எண்ணிக்கொள்ளுங்கள்.

கை வீச்சுக்குச் சிலம்பம் சுற்றுகிறவர்களைப் பாருங்கள். கம்பின் நுனி எங்கேயும் நேர்கோட்டில் போகாது.

ஸ்டைலஸ்_அக்கா:
டேப்லெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் அதில்தான் வேலை செய்கிறேன், அதில் ஒரு குறையும் கிடையாது. கிரிட்டா, பென்சில்2டி என்ற வரையும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஆனால் நடை வரும்வரை தாளை விடாதே என்றுதான் சொல்வேன். திரையில் முன்னும் பின்னும் பல படங்கள் மங்கலாகத் தெரியும்போது சரிபாதியில் ஒரு கோடு போட்டுவிடத் தோன்றும், பாதி பாதியாகப் போட்டால் இடைவெளி எல்லாம் சமமாகி எல்லாமே மிதக்கும். தாளை விரலில் உருட்டிப் பார்க்கும்போது கண் அசைவைத்தான் பார்க்கும். அந்தப் பழக்கம் வந்த பிறகு எதில் வேண்டுமானாலும் வரையலாம்மா.

மாடக்குளம்_பென்சில்:
தலை உச்சிக்குப் புள்ளி வைத்துப் பார்த்தேன் அண்ணா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது! இறங்கும் படத்தைத் திரும்ப வரைகிறேன். இன்னொன்று, லைட் பாக்ஸ் கல்லூரியில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் செலவில்லாமல் செய்ய வழி உண்டா?

இன்பெட்வீன்_அண்ணன்:
உண்டு. போர்டு எழுதுகிற கடையில் பால்வெள்ளை அக்ரிலிக் வெட்டுத்துண்டு கேளுங்கள், ஏ3 அளவு போதும். கீழே ஒரு எல்இடி பட்டை, சுற்றி மரச்சட்டம். பெக் பாருக்கு அலுவலகப் பஞ்சிங் மெஷின் போதும், இரண்டு துளைக்கும் நடுவே 8 செ.மீ. இருக்கும், அதே தூரத்தில் துளைக்குள் ஆடாமல் நிற்கிற இரண்டு மரக்குச்சியைச் சட்டத்தில் பதியுங்கள். எல்லாத் தாளையும் ஒரே மெஷினில் துளையிடுங்கள், மெஷின் மாறினால் படம் ஆடும். பென்சில் படங்களை ஓட விட்டுப் பார்க்கும் லைன் டெஸ்டுக்குப் போனை அசையாமல் மேலிருந்து கட்டிவிட்டு, ஸ்டாப் மோஷன் செயலியில் வேகத்தை 12 என்று வையுங்கள். புது நடையை எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.