ஃபின்னிஷில் எத்தனை விதமான 'சின்ன'! பின்லாந்துத் தமிழர்கள் சிலர் சொன்னவை

தம்பெரே நகரில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். மொழி வகுப்பில் 'சின்ன' என்பதற்கு முதலில் சொல்லித் தருவது 'பியெனி'. வீடு, கப், சம்பளம் எதற்கும் போடலாம். ஆனால் காப்பகத்தில் நாள் முழுக்கக் காதில் விழுவது 'பிக்கு'. போன பனிக்காலத்தில் ஒரு குழந்தை முற்றத்தில் சறுக்கி விழுந்து ஓவென்று அழுதது. கூட வேலை பார்க்கும் அக்கா மண்டி போட்டு, நனைந்த கையுறையைக் கழற்றி, விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே "வோய் பிக்குயினென்" என்றார். நம் வீட்டில் 'என் குட்டி' என்போமே, அதேதான்.

பிக்குவை நமக்குப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஃபின்னிஷில் பெயரடையும் வேற்றுமை உருபு ஏற்கும். 'சின்னப் பெட்டியில்' என்றால் 'பியெனெஸ்ஸா லாத்திகொஸ்ஸா'. இரண்டு சொல்லுக்கும் 'இல்' ஒட்டுகிறது. பிக்குவோ அப்படியே நிற்கும்: 'பிக்கு லாத்திகொஸ்ஸா'. தமிழில் நாம் பேசுகிற மாதிரியே! ஆனால் 'இன்னும் சின்னது' என்று சொல்ல பிக்கு உதவாது, 'பியெனெம்பி'க்குத்தான் போக வேண்டும்.

*

நான் இருப்பது எஸ்போ நகரில். எனக்கு வந்த சொல் 'வாஹாய்னென்'. அம்மாவின் ஸ்கேன் அறிக்கையில் அது இருந்தது. பயந்துபோய் நர்ஸிடம் கேட்டேன். லேசாக, பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு நீர் என்று விளக்கினார். இது உருவத்தைச் சொல்கிற சொல் இல்லை, அளவு குறைவு என்று சொல்வது. மருத்துவ, அலுவலகக் காகிதங்களில் அடிக்கடி பார்க்கலாம். அன்று அந்த ஒரு சொல்லால்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

*

'மிதாத்தொன்' பற்றி யாரும் சொல்லவில்லையே. வாடகை ஒப்பந்தத்தில் சட்டத்துக்குப் புறம்பான ஒரு நிபந்தனை இருந்தது. "அது மிதாத்தொன், செல்லாது" என்றார் ஆலோசகர். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் வேலையிடத்தில் மேலாளர் ஒருவர் துப்புரவுப் பணியாளரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னார். ஒப்பந்தத்தில் 'செல்லாதது', மனிதரிடம் சொன்னால் 'நீ ஒரு பொருட்டே இல்லை'. அறையே அமைதியாகிவிட்டது. தயவுசெய்து இந்தச் சொல்லை ஆட்கள் மேல் பிரயோகிக்காதீர்கள். அற்ப விஷயம் என்று சொல்லத்தானே வேண்டும்? அதற்கு 'வாஹாபாத்தொய்னென்' இருக்கிறது.

*

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: 'பிக்குயோவுலு' (நேரடியாகச் சொன்னால் 'சின்னக் கிறிஸ்துமஸ்') என்று அழைப்பு வந்தால் சின்ன விழா என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அலுவலகங்கள் வைக்கும் பெரிய விருந்து அது. நன்றாகப் பசியோடு போங்கள்.