எதிரொளிப்புக் குறைப்பு: பூச்சா, பரப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லென்ஸின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை, அதாவது எதிரொளிப்பைக் குறைக்கும் ‘anti-reflection coating’-க்குத் தமிழில் ‘எதிரொளிப்பு எதிர்ப்புப் பூச்சு’ என்ற பரிந்துரையில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ‘எதிர்ப்பு’. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு திரும்பிவிடுகிறது. நான்கு லென்ஸ், எட்டுப் பரப்பு என்றால் கால் பங்குக்கு மேல் போய்விடும். மக்னீசியம் ஃபுளோரைடை ஒற்றை அடுக்காகப் பூசினால் அந்த 4, சுமார் 1.3 ஆகிறது. குறைகிறது, அடியோடு நிற்பதில்லை. எனவே ‘எதிரொளிப்புக் குறைப்பு’ என்பதே சரி. இலங்கை நண்பர்கள் தங்கள் பாடநூல் வழக்கப்படி ‘தெறிப்புக் குறைப்பு’ என்று எழுதலாம்.

அப்புறம் ‘பூச்சு’. எனக்கு முக்கியம் இதுதான். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் லென்ஸில் பூசுவதே பெரிய தொல்லை. மக்னீசியம் ஃபுளோரைடு உறுதியாகப் பிடிக்கக் கண்ணாடியை 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். அக்ரிலிக் பிளாஸ்டிக்கோ 100 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். குறைந்த சூட்டில் பூசினாலும், வெயிலில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்குப் படலம் விரியாது, வெடித்துவிடும். அதனால் வந்த வழி, அச்சின் உட்பரப்பிலேயே நுண்குழிகளைச் செதுக்கிவிடுவது. உருகிய பிளாஸ்டிக் அவற்றில் நிரம்பி, லென்ஸ் வெளிவரும்போதே மேலெல்லாம் நுண்கூம்புகளோடு வருகிறது. கூம்புகளின் இடைவெளி 200 நானோமீட்டர் அளவு, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. அதனால் ஒளி கூம்புகளைத் தனித்தனியாக உணர்வதில்லை. அடி அகன்று நுனி ஒடுங்கியிருப்பதால், ஒளிவிலகல் எண் (பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) காற்றின் 1-லிருந்து அக்ரிலிக்கின் 1.49 வரை படிப்படியாக ஏறுகிறது. திடீர் எல்லை இல்லாததால் திரும்பும் ஒளியும் மிகக் குறைவு. அந்துப்பூச்சியின் கண்ணில் உள்ள அமைப்பு இது. லென்ஸுக்கு இது உதவும் என்று கிளாப்பம், ஹட்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

இங்கே யாரும் எதையும் பூசவில்லை. ஆகவே ‘எதிரொளிப்புக் குறைப்பு’ பொதுச்சொல்லாக இருக்கட்டும். அதன் கீழ் ‘குறைப்புப் பூச்சு’ ஒன்று, ‘அந்துக்கண் பரப்பு’ இன்னொன்று. ‘விட்டில்கண்’ வேண்டாம், விட்டில் என்பது வெட்டுக்கிளியையும் குறிக்கும். அந்து, நெல் சேமிக்கும் வீடுகளில் எல்லோரும் அறிந்த சொல்.

அச்சிலிருந்து லென்ஸ் விடுபடும்போது நுண்கூம்புகள் முறிவது இந்தத் தொழிலில் பெரிய தலைவலி. அப்படி விடுபடுவதற்கு ஒரு சொல் வேண்டும். மோல்டிங் பட்டறைகளில் வேலை செய்யும் நண்பர்கள், அங்கே வாய்வழக்கில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.