இந்தோனேசியாவில் உங்கள் மனத்தில் நின்ற சாப்பாடு எது? அனுபவத்தை எழுதுங்கள்

முதல் பதிவு

நானே ஆரம்பிக்கிறேன். வேலைக்காக எட்டு மாதம் மேற்குச் சுமத்திராவில் பாடாங் நகரில் இருந்தேன். முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் பரிமாறுபவர் ஒரு கை நிறையத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். பதினைந்து தட்டாவது இருக்கும். இவ்வளவு நான் கேட்கவில்லையே என்று பதறியபோது, பக்கத்து மேசைப் பெரியவர் சைகையில் விளக்கினார்: தொட்டதற்கு மட்டும் காசு, தொடாத தட்டு அப்படியே திரும்பிப் போகும். ஸ்பூனைத் தேடாமல் கையால் பிசைந்து சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் வெந்த பலாக்காய், மரவள்ளி இலை, பச்சை மிளகாய்ச் சம்பல் என்று எல்லாமே வாய்க்குப் பழகியவை மாதிரி இருந்தன.

ஆனால் சொல்ல வந்தது ரெண்டாங் பற்றி. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள், நான் குடியிருந்த வீட்டு இபு (அம்மா என்று அர்த்தம், அங்கே வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலையிலேயே பெரிய இரும்புச் சட்டியை விறகடுப்பில் ஏற்றினார். மாட்டிறைச்சி, கெட்டித் தேங்காய்ப்பால், அரைத்த மிளகாய், சின்ன வெங்காயம், இஞ்சி, அரத்தை, மஞ்சள் இலை, எலுமிச்சைப்புல். முதலில் பார்க்க நம் தேங்காய்ப்பால் குழம்புதான். அந்தப் பதத்துக்குக் குலாய் என்று பெயர். சுண்டிப் பழுப்பானதும் காலியோ. பல ஊர்களில் ரெண்டாங் என்று தட்டில் வைப்பது இந்தக் காலியோவைத்தான். இபு நிறுத்தவில்லை. தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயிலேயே கறி வறுபட்டு, கருஞ்செம்மையாகும் வரை கிளறிக்கொண்டே இருந்தார். நானும் ஒரு மணி நேரம் கரண்டி பிடித்தேன், தோள் கழன்றுவிட்டது. இறக்கும்போது அஸர் (பிற்பகல்) தொழுகை நேரம்.

ஈரமே இல்லாமல் வற்றியதால்தான் குளிர்பெட்டி இல்லாமலும் அது வாரக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. பிழைப்புத் தேடி வெளியூர் போவது மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் இன ஆண்களின் பழைய வழக்கம். போகிறவன் மூட்டையில் வீட்டு ரெண்டாங் இருக்கும். 2018இல் சுலாவெசித் தீவின் பாலு நகரை நிலநடுக்கமும் சுனாமியும் அழித்தபோது, மேற்குச் சுமத்திரா மக்கள் நிவாரணமாக ரெண்டாங் சமைத்து அனுப்பினார்கள். 2009இல் அவர்களே நிலநடுக்கத்தில் அடிபட்டவர்கள். அந்தச் சட்டியில் கரண்டி பிடித்தவன் என்பதால் அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

மறுமொழி 1

அண்ணா, நான் சைவம். ஜோக்ஜகர்த்தாவில் படித்த இரண்டு வருடமும் குதெக்கும் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி)தான் என்னைக் காப்பாற்றின. குதெக் என்பது பிஞ்சுப் பலாக்காயைத் தென்னங்கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. கூடவே தேக்கு இலையைப் போடுவார்கள், செம்பழுப்பு நிறம் அதிலிருந்துதான். முதல் வாய் இனிப்பாக இருந்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். இரண்டாவது மாதத்தில் அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள விஜிலான் தெருவுக்கு நானே தேடிப் போகத் தொடங்கினேன்.

சைவக்காரர்களுக்கு ஒன்று: குதெக்கோடு காரமாக ஒரு கூட்டு வைப்பார்கள், பெயர் க்ரெச்செக். அது மாட்டுத்தோல். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதேபோல் சம்பலில் தெராசி இருக்கும், இறாலைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி. காதோ-காதோ என்ற காய்கறிக் கலவையின் கடலைச் சட்னியிலும் சில கடைகளில் போடுவார்கள். நம் கண் முன்னேதான் கல்லில் அரைக்கிறார்கள், அதனால் 'தன்பா தெராசி' (தெராசி இல்லாமல்) என்றால் அப்படியே அரைத்துத் தருவார்கள். முகம் சுளித்தவர் ஒருவர்கூட இல்லை.

தெம்பே வாங்கினால் வாழையிலையில் கட்டியதை வாங்குங்கள். இலையைப் பிரித்ததும் சோயா மொச்சையின் மேல் வெள்ளைப் பூஞ்சை மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம், பருப்பைக் கட்டியாகப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

மறுமொழி 2

சுராபயாவில் ராவோன். மாட்டிறைச்சி ரசம், நிறம் மை மாதிரி கறுப்பு. கெலுவாக் என்ற கொட்டையால் வரும் கறுப்பு அது. பச்சையாகத் தின்றால் சயனைடு விஷம், ஆளைக் கொல்லும். அதனால் வேகவைத்து, சாம்பலோடு 40 நாள்போலப் புதைத்துவைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அந்த மரத்துக்குக் கெபாயாங் என்றும் பெயர். காதலில் கிறங்கிக் கிடப்பவனை 'மாபுக் கெபாயாங்' என்பார்கள், கெபாயாங் தின்று மயங்கியவன் என்று. இவ்வளவும் கேட்ட பிறகு பயந்துகொண்டேதான் முதல் கரண்டி வாயில் வைத்தேன். சின்ன முளைப்பயறு, உப்பில் ஊறிய வாத்து முட்டை, அப்பளம் சேர்த்து இரண்டு கிண்ணம் காலி.

மறுமொழி 3

எனக்கு ஜகர்த்தா. போன இரண்டாம் நாள் இரவு, தெருவில் விடாமல் ஒரு விசில் சத்தம், கெட்டில் கொதிக்கிற மாதிரி. எட்டிப் பார்த்தால் மிதிவண்டியில் பெட்டி கட்டிய ஒருவர். பெட்டியில் உள்ள சிறு துளைகள் வழியாக ஆவி சீறிக்கொண்டு வந்தது, அந்தச் சத்தம்தான் அவருக்கு விளம்பரம். ஒரு சாண்கூட இல்லாத மூங்கில் குழாய்களில் அரிசி மாவை நிரப்பி, நடுவில் தென்னங்கருப்பட்டித் தூளை வைத்து, துளைமேல் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு குச்சியால் தள்ளி எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிக் கொடுத்தார். பாண்டான் இலைச் சாறு சேர்த்ததால் மாவு பச்சை நிறம். கடித்ததும் உருகிய கருப்பட்டி உள்ளிருந்து வழிந்தது.

பெயர் என்ன என்று கேட்டேன். "புத்து" என்றார். எங்கள் ஊரிலும் இதே மூங்கில், இதே தேங்காய், பெயரும் புட்டு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தோனேசிய மொழியில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு குழாய் சேர்த்து வைத்து, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த நாள் விசில் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தேன்.