பல்லேடியம்–வெள்ளி நானோதுகள்: ரெண்டும் நிஜமாகவே கலந்திருக்கிறதா?

குடுவைக்காரி:
வணக்கம். காமா அலுமினா (உலோகத் துகளைத் தாங்கும் அலுமினிய ஆக்சைடுப் பொடி) மேல் பல்லேடியம், வெள்ளி நைட்ரேட்டுகளை ஒரே கரைசலில் ஊறவைத்து (பல்லேடியம் எடையில் 1 சதவீதம், அணு விகிதம் 1:1), காயவைத்து, காற்றில் 400 டிகிரியில் சுட்டு, 300 டிகிரியில் ஹைட்ரஜனில் ஒடுக்கினேன். எத்திலீனில் கலந்திருக்கிற அசிட்டிலீனை மட்டும் ஹைட்ரஜனேற்றம் செய்வதுதான் வேலை. எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் சோதனை) அலுமினாவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டெம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) எடுத்த இடிஎஸ் மேப்பில் (எந்தத் தனிமம் எங்கே என்று எக்ஸ்கதிரால் காட்டும் படம்) ரெண்டு உலோகமும் ஒரே இடத்தில்தான் வருகின்றன, வெறும் பல்லேடியத்தைவிட எத்திலீன் தேர்திறனும் (ஈத்தேன் வரை போகாமல் எத்திலீனிலேயே நிற்கும் பங்கு) கூடியிருக்கிறது. அலாய் (உலோகக் கலவை) என்று எழுத இது போதாதா? கைடு போதாது என்கிறார், காரணம் கேட்டால் யோசித்துப் பார் என்கிறார்.

பழைய ரியாக்டர்:
கைடு சொல்வது சரிதான். நீங்கள் பிடித்த ஜோடி அப்படி. பல்லேடியம் அணு எண் 46, வெள்ளி 47, அடுத்தடுத்த வீடு. டெம்மில் வெளிச்ச வேறுபாட்டை வைத்து எது எந்த அணு என்று பிரிக்கவே முடியாது. இடிஎஸ்ஸில் இன்னும் மோசம்: வெள்ளியின் எல்-ஆல்ஃபா கோடு (அந்த அணு உமிழும் எக்ஸ்கதிர்களில் ஒன்று) 2.98 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் வரும், பல்லேடியத்தின் எல்-பீட்டா 2.99இல் வரும், டிடெக்டரின் பிரிதிறன் சுமார் 0.13. அதாவது வெள்ளியே இல்லாத பல்லேடியத் துகளிலும் மென்பொருள் வெள்ளி என்று வண்ணம் பூசிவிடும். மேப்பை அதிக ஆற்றலுள்ள கே கோடுகளில் திரும்ப எடுங்கள் (பல்லேடியம் 21.2, வெள்ளி 22.2), 200 கிலோவோல்ட் கருவி என்றால் கிடைக்கும், சிக்னல் குறைவு, நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். அப்புறம் முழுப் படத்துக்கும் மேப் போடாமல் துகள் துகளாக நிறமாலை எடுத்து விகிதத்தைப் பாருங்கள்.

எக்ஸ்ஆர்டியை நம்பி உட்காராதீர்கள். பல்லேடியத்தின் முதல் உச்சம் 40.1 டிகிரி கோணத்தில், வெள்ளியினது 38.1, கலவை என்றால் நடுவில் எங்கோ 39 பக்கம் வர வேண்டும், காமா அலுமினாவுக்கு 37.6இலும் 39.5இலும் அகலமான உச்சங்கள் உண்டு. 2–3 நானோமீட்டர் துகள், அதுவும் இந்த அளவு லோடிங்கில், அதற்குள் மூழ்கிப் போகும். தெரியவில்லை என்பது இல்லை என்பதற்கும் ஆதாரமில்லை, கலந்துவிட்டது என்பதற்கும் ஆதாரமில்லை.

ஹைட்ரைடு:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதைவிடச் செலவு குறைந்த வழி டிபிஆர் (சூடேற்றிக்கொண்டே மாதிரி எவ்வளவு ஹைட்ரஜனை எடுக்கிறது, விடுகிறது என்று அளப்பது). பல்லேடியம் அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜனை விழுங்கி பீட்டா ஹைட்ரைடு என்ற ஹைட்ரஜன் நிறைந்த கட்டமாக மாறும், சூடேற்றினால் 60–80 டிகிரி வாக்கில் அதைக் கக்கும், வரைபடத்தில் தலைகீழ் உச்சமாகத் தெரியும். வெள்ளி உள்ளே கலந்திருந்தால் அந்தக் கட்டமாற்றமே நடக்காது (ஹைட்ரஜன் வடிக்கும் சவ்வுகளில் எடையில் 23 சதவீதம் வெள்ளி சேர்ப்பதும் இதற்காகத்தான், இல்லாவிட்டால் தகடு வீங்கிச் சுருங்கி விரிசல் விடும்). உச்சம் அப்படியே நின்றால் தனிப் பல்லேடியம் இன்னும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ரொம்பச் சின்னத் துகளிலும் இந்த உச்சம் தேய்ந்துவிடும், அதனால் அதே அளவு துகள் உள்ள வெறும் பல்லேடியம் மாதிரியை பக்கத்தில் ஓட்டாமல் எதையும் எழுதாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு வைத்து ஐஆரும் (அகச்சிவப்பு நிறமாலை) எடுக்கலாம். ரெண்டு பல்லேடியம் அணு அருகருகே இருந்தால் அந்த வாயு பாலம் போட்டு உட்காரும், 2000 செ.மீ⁻¹க்குக் கீழே பட்டை. வெள்ளி நடுவில் புகுந்தால் பாலம் குறைந்து 2050 பக்கத்து ஒற்றைப் பட்டை மிஞ்சும். ஆனால் இந்த வாயுவே பல்லேடியத்தை மேற்பரப்புக்கு இழுக்கும், நீங்கள் பார்ப்பது வினை நடக்கும்போது இருந்த மேற்பரப்பு இல்லாமல் போகலாம்.

சும்மா வந்தவன்:
தேர்திறன் கூடியது எந்த கன்வர்ஷனில் (அசிட்டிலீன் எத்தனை சதவீதம் தீர்ந்த நிலையில்)? அசிட்டிலீன் பாதிகூடத் தீராத நிலையில் எல்லா வினையூக்கியும் நல்ல பிள்ளைதான். கடைசி ஒன்றிரண்டு சதவீதத்தைத் தீர்க்கும்போதுதான் எத்திலீனைத் தின்று ஈத்தேன் ஆக்கும் குணம் வெளியே வரும். பாலிமர் ஆலைக்காரர்களுக்கு அசிட்டிலீன் சில பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே வேண்டும், அங்கே ஒப்பிடாத எண்ணுக்கு என்ன மதிப்பு? வெள்ளி வெறுமனே மேலே படிந்து வினை நடக்கும் பாதித் தளங்களை அடைத்தாலும் உங்கள் எண் அழகாகத்தான் தெரியும். பல்லேடியம் அலுமினாவையும் வெள்ளி அலுமினாவையும் தனித்தனியாகச் செய்து, பொடியாகக் கலந்து, சமமான கன்வர்ஷனில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய ரியாக்டர்:
வினையையே சோதனையாக வைப்பது பழைய வழி. 1972இல் எக்ஸான் ஆய்வகத்தில் சின்ஃபெல்ட் குழு நிக்கலில் 5 சதவீதம்போலச் செம்பு சேர்த்ததும் ஈத்தேனை உடைக்கும் வேகம் ஆயிரம் மடங்கு அளவுக்குச் சரிந்தது, சைக்ளோஹெக்சேனிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வேகமோ பெரிதாக அசையவில்லை. முதல் வினைக்கு அடுத்தடுத்துப் பல நிக்கல் அணுக்கள் வேண்டும், ரெண்டாவதற்கு அவ்வளவு வேண்டாம். தாங்கி மேல் உட்கார்ந்த துகளிலும் இதே தர்க்கம் செல்லும்.

குடுவைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. டிபிஆர் எங்கள் துறையிலேயே இருக்கிறது, முதலில் அதுதான். ஒடுக்கிய பிறகு நேரடியாகக் குளிரவைத்து ஓட்டலாமா?

ஹைட்ரைடு:
ஹைட்ரஜனிலேயே குளிரவைக்காதீர்கள். 300இல் ஒடுக்கி முடித்ததும் அதே சூட்டில் ஆர்கானுக்கு மாற்றி, 35 டிகிரிக்கு இறக்கி, அப்புறம் ஆர்கானில் 5 சதவீத ஹைட்ரஜன், சிக்னலின் அடிக்கோடு அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து நிமிடத்துக்கு 10 டிகிரி, 150 வரை போதும். உச்சத்தின் பரப்பை ஒரு கிராம் பல்லேடியத்துக்கு என்று கணக்கிட்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.