மாடலில் 25, ரிங் கேஜில் நுழையாத 25: டிராயிங், டாலரன்ஸ் அனுபவங்கள்

(டாலரன்ஸ் என்பது ஓர் அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம். ஒவ்வொரு தலைப்பும் அந்தப் பதிவை எழுதியவரின் இடம். அளவுகள் மி.மீ.-இல்.)

பீளமேட்டுப் பட்டறை

ஸ்டெப் ஃபைல் (எந்த மென்பொருளிலும் திறக்கும் 3டி மாடல்) வந்தது, 120 ஷாஃப்ட், அவசரம். மாடலைத் தொட்டுப் பார்த்தால் விட்டம் 25.000. புரோகிராம் போடும் பையன், ஷாஃப்ட்தானே என்று மேலும் கீழும் பத்து மைக்ரானுக்குள் (மைக்ரான் என்றால் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒன்று) பிடித்துக் கொடுத்தான். மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றும் அழகு. நானே பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனேன்.

வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் முதல் ஷாஃப்டை ரிங் கேஜில், அதாவது ஷாஃப்ட் நுழைய வேண்டிய அளவு வளையத்தில் வைத்தார். வாயிலேயே நின்றுவிட்டது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். நகரவில்லை. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. விரலிலிருந்த எண்ணெயை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு, பி.டி.எஃப். டிராயிங்கை என் பக்கம் திருப்பி வைத்தார். 25 எஃப்7. அதாவது 24.959 முதல் 24.980 வரை. வரைந்தவர் மாடலைச் சரியாக 25-க்கு வரைந்துவிட்டு, டாலரன்ஸை டிராயிங்கில் மட்டும் எழுதியிருக்கிறார். அந்த பி.டி.எஃப். மூன்று நாளாக என் மெயிலில்தான் கிடந்தது.

சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் கொடுத்துத் தேய்த்துக் காப்பாற்றினோம். லாபம் அதிலேயே போயிற்று. அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஓசூர் தரக்கட்டுப்பாடு

மன்னிக்கவும், இதில் மாடல் என்ன தவறு செய்தது? கையில் வந்த டிராயிங்கைத் திறக்காதது நீங்கள். டிராயிங்கே தராமல் "மாடலில் எல்லாம் இருக்கிறது" என்பவர்களிடம் மாட்டிப் பாருங்கள்.

எங்களுக்கு வந்தவை 40 அலுமினியத் தட்டுகள். மூலைக்கு ஒன்றாக 5.0 துளை. மாடலில் இருந்தபடியே போட்டோம், கறுப்பு ஆனோடைசிங்கும் முடிந்தது. அசெம்பிளியில் ஒரு பெண் எம்6 (6 மி.மீ. மரை) போல்ட்டை வைத்துத் திருகுகிறார், பிடிக்கவே இல்லை. தட்டைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தார். மரை இருந்தால்தானே! வரைந்தவர் தன் மென்பொருளில் டேப் துளை, அதாவது 5.0 போட்டு உள்ளே மரை வெட்ட வேண்டிய துளை என்றுதான் போட்டிருக்கிறார். ஸ்டெப்பாக மாற்றியதும் மிஞ்சியது வெறும் உருளை. பிறகு டேப் போட்டுக் கொடுத்தோம். கறுப்புத் தட்டில் மரை மட்டும் வெள்ளையாகப் பல்லிளித்தது.

ஜின்க் தொட்டி

5.0 என்றால் எம்6-ஆக இருக்குமோ என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே. 6.8 துளையைப் பார்த்தால் எம்8 என்று யாருக்கும் சந்தேகம் வரும், 5.0 வெறுமனேயும் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கதை சின்னது. 20 எச்7 (20.000 முதல் 20.021 வரை) துளையை 20.010-க்கு முடித்து அனுப்பினார்கள். நான் 8 மைக்ரான் ஜின்க் பூச்சு ஏற்றினேன், இரு பக்கமும் சேர்த்து 16 போயிற்று. துளைக்குள் போயாக வேண்டிய கோ கேஜ் உள்ளே போகவில்லை. அளவு பூச்சுக்கு முன்பா, பின்பா என்று டிராயிங்கில் ஒரு வரி இல்லை. பழி என்மேல்.

டிசைன் மேசை

வரைகிற பக்கத்திலிருந்து ஒன்று. முதல் வேலை, ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங். பயத்தில் 64 அளவுகளுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 போட்டுவிட்டேன், வெளிமூலை ரேடியஸ் உட்பட. விலைப்புள்ளி எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு. பட்டறைக்கே போனேன். மூத்த செட்டர் ஒருவர் டிராயிங்கை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நட்டு வைத்துவிட்டு, சிவப்பு பென்சிலை என்னிடம் நீட்டினார். "இதில் பேரிங் உட்காருகிற இடம் எது தம்பி?"

6205 பேரிங், 52 போர். அதை வட்டமிட்டேன். "அடுத்து?" என்றார். டோவல் (இடம் பிசகாமல் நிறுத்தும் பின்) துளை இரண்டு. "அடுத்து?" பென்சில் நின்றுவிட்டது. மீதி எல்லாம் ஐஎஸ்ஓ 2768 மீடியம் என்கிற பொது டாலரன்ஸில் போதும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 30-க்கு மேல் 120 வரை கூட்டல் கழித்தல் 0.3. நான் கேட்டிருந்ததோ அதில் முப்பதில் ஒரு பங்கு.

சி.எம்.எம். அறை

சி.எம்.எம். என்கிற அளவெடுக்கும் மெஷினில் உட்காரும் எனக்குப் பெரிய கதை இல்லை. ஒருமுறை தவறான டேட்டத்திலிருந்து (அளவெடுக்கத் தொடங்கும் ஆதாரப் பரப்பு) அளந்து, நல்ல பாகங்களை ரிஜெக்ட் செய்தேன், அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் பலூன் எண் (வட்டத்துக்குள் வரிசை எண்) போடுங்கள், ரிப்போர்ட்டில் அதே எண் வரட்டும். ஸ்டெப் அனுப்புகிறவர்கள் ஏபி242 என்கிற ஸ்டெப் வகையில் அனுப்பப் பாருங்கள். அதில் டாலரன்ஸ், டேட்டம் எல்லாம் மாடலோடு சேர்ந்து போக வழி இருக்கிறது, மாடலை வரைந்தவர் அவற்றை அதில் ஏற்றியிருந்தால். டோவல் தவிர்த்த போல்ட் துளைகளுக்கு எக்ஸ், ஒய் இரண்டிலும் கூட்டல் கழித்தல் 0.1 போடாதீர்கள். அது சதுரம். மூலையில் 0.141 தள்ளி நிற்கும் துளையை ஏற்றுக்கொண்டு, பக்கவாட்டில் 0.12 தள்ளியதைத் தூக்கி எறிகிறீர்கள். துளையின் மையம் ஒரு வட்டத்துக்குள் இருந்தால் போதும் என்கிற பொசிஷன் டாலரன்ஸாக விட்டம் 0.28 கொடுத்தால் பட்டறைக்கு ஏறக்குறைய 54 சதவீதம் கூடுதல் இடம். ஷாஃப்ட் நண்பருக்கு: மாடலையே நடு அளவுக்கு, 24.9695-க்கு வரையச் சொல்லுங்கள். புரோகிராம் போடுபவர் மாடலைத் தொட்டாலும் தப்பிக்கலாம்.

டிசைன் மேசை

கடைசியாகச் சொன்னதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். 24.9695 என்று வரைந்தால், இரண்டு வருடம் கழித்து அதைத் திறப்பவனுக்கு அது எஃப்7 என்று எப்படித் தெரியும்? அவன் அதன்மேல் இன்னொரு எஃப்7 போடுவான்.

சி.எம்.எம். அறை

போடுவான்தான், டிராயிங்கைத் திறக்காதவன்.

பீளமேட்டுப் பட்டறை

ஓசூர்க்காரர் சொன்னது சரி, தவறு என்னுடையதுதான். அந்த மாதமே 25 எஃப்7 ரிங் கேஜ் ஒரு ஜோடி வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகு அந்த அளவில் ஒரு ஆர்டரும் வரவில்லை. ஆயுதபூஜைக்கு மட்டும் எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம்.