புதுப்பிப்பு: தென்னைநார் மெத்தையின் வெப்பக் கடத்துதிறன் அதிகமாகக் காட்டியது ஏன்?

வெப்பப் பாய்வுமானியில் (இரு தட்டுகளுக்கு நடுவே வைத்த பொருள் வழியே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்று அளக்கும் கருவி) தெர்மாகோல் சரியாக 0.036 வாட்/மீ.கெல்வின் காட்ட, தென்னைநார் மெத்தை மட்டும் 0.058 காட்டுகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் ஈரத்தைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. எடை இறங்குவது நிற்கும்வரை ஓவனில் உலர்த்தினேன். 412 கிராம் 371 ஆனது, அளவீடு 0.051 ஆனது.

மிச்சம் என் தப்பு. கருவியின் மேல்தட்டு அமுக்கியதில் மெத்தையின் தடிமன் 46 மி.மீ. ஆகியிருக்கிறது, நான் பாட்டுக்கு 50 என்றே உள்ளிட்டிருந்தேன். அந்தத் தடிமனை வைத்துத்தான் கடத்துதிறன் கணக்காகிறது. திருத்தியதும் 0.047. தெர்மாகோல் அமுங்காது, ஈரமும் அவ்வளவாகக் குடிக்காது. அதனால்தான் அது மாட்டவில்லை. வீணாகக் கருவியைத் திட்டினேன்!

அப்புறம், உலர்ந்த நார் காற்றிலிருந்து மறுபடி ஈரம் இழுக்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போட்டுவிடுங்கள்.