வேலை போன நாட்களில் பார்த்த 1933ஆம் வருஷத்துப் படம்

2009இல் வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை, காலையில் வழக்கம்போலக் கிளம்பி எங்கேயாவது சுற்றிவிட்டு வருவேன், ராத்திரி தூக்கம் வராமல் லேப்டாப்பில் எதையாவது ஓட்டிக்கொண்டிருப்பேன். அப்படி அகப்பட்டதுதான் ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ என்ற ஹாலிவுட் ஆட்டபாட்டப் படம். எடுத்த எடுப்பிலேயே ஜிஞ்சர் ராஜர்ஸ் உடம்பெல்லாம் காசு தொங்க, எங்களிடம் பணம் கொழிக்கிறது என்று பாடுகிறார். நடுவில் ஒரு சரணத்தை மட்டும் எழுத்தை மாற்றிப் போட்டு, நம் பிள்ளைகள் ‘க’ பாஷை பேசுவார்களே, அந்த மாதிரி. சரி, பணக்காரக் கூத்து என்று மூடப் போனேன். அதற்குள் ஷெரிஃப் ஆட்கள் ஒத்திகைக்குள் புகுந்து, தயாரிப்பாளர் பாக்கி வைத்துவிட்டார் என்று செட்டை, உடையை, ஆடுகிற பெண்கள் மேலிருந்த காசைக்கூட அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மூடவில்லை.

அப்புறம் மூன்று பெண்கள் ஒரே வீட்டில், வாடகை பாக்கி. ஒருத்தி இடுக்கியை வெளியே நீட்டிப் பக்கத்து வீட்டுப் பால் பாட்டிலைத் தூக்குகிறாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன். அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத வருஷம் அது, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பால் பாட்டில் யாரும் விளக்கத் தேவையில்லை.

நடன அமைப்பு பஸ்பி பெர்க்லி. உச்சியிலிருந்து பார்த்தால் பெண்கள் பூவாக விரிந்து மூடுவார்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு நெஞ்சில் நிற்பது கடைசிப் பாட்டு. தெருவில் கிடக்கும் ஒருவனைப் போலீஸ்காரர் பிடிக்க வருகிறார், ஜோன் பிளாண்டெல் அவன் கோட்டை விலக்கி உள்ளே குத்தியிருக்கும் போர்ப் பதக்கத்தைக் காட்டுகிறார், அவ்வளவுதான். அதற்கு முந்தின வருஷம்தான் முதல் உலகப்போர் வீரர்கள் போனஸ் கேட்டு வாஷிங்டனில் முகாம் போட, ராணுவத்தை ஏவியே அவர்களை விரட்டியிருந்தார்கள். ஜாலியான படத்தை இப்படி முடிக்க என்ன துணிச்சல் வேண்டும்!

—

அண்ணா, நான் ஜிஞ்சரோடு ஜோடியாக ஆடுவாரே, அந்த ஃப்ரெட் அஸ்டேர் கட்சி. ‘டாப் ஹேட்’ (1935) படத்தில் ஜிஞ்சர் ராஜர்ஸ் இறகு வைத்த கவுன் போட்டு ஆடுவாரே, ஒவ்வொரு சுற்றுக்கும் இறகு பறந்து அஸ்டேரின் கறுப்புக் கோட்டில் ஒட்டி, படப்பிடிப்பில் மனிதர் கடுப்பாகிவிட்டாராம். பிறகு தங்கத்தில் சின்ன இறகு ஒன்று செய்து ஜிஞ்சருக்கே பரிசளித்தார். படத்திலேயே ஒன்றிரண்டு உதிர்வது தெரியும், என் பெண் நிறுத்தி நிறுத்தி எண்ணுவாள். தலை முதல் கால் வரை ஒரே ஷாட்டில் வருவதால்தான் இதெல்லாம் கண்ணில் படுகிறது, இப்போதுபோல விநாடிக்கு ஒரு வெட்டு போட்டிருந்தால் இறகாவது ஒன்றாவது.

—

எனக்கும் அஸ்டேர் உயிர்தான். ஆனால் ‘ஸ்விங் டைம்’ (1936) போடும்போது ஒரு இடம் வரும், அஸ்டேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடுவார். கறுப்பின ஆட்டக்கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதையாம். பின்னால் மூன்று ராட்சத நிழல்கள் கூடவே ஆடுவது அபாரம், இருந்தும் உடம்பு கூசும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டுப் பார்க்கவும் மனசு வரவில்லை, அப்படிச் செய்தால் நானே மறைப்பது மாதிரி இருக்கிறது. அதே படத்தின் கடைசி ஆட்டத்தை நாற்பதுக்கும் மேற்பட்ட டேக் எடுத்ததில் ஜிஞ்சரின் காலில் ரத்தமே வந்துவிட்டது என்பார்கள். படத்தில் முகம் சுளித்த சுவடே கிடையாது.

அது கிடக்கட்டும், முதலில் எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி. வீட்டில் எப்போது சொன்னீர்கள்?

—

சொல்லவே இல்லை தம்பி. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருவதை அம்மா முதல் வாரமே கவனித்துவிட்டாராம்.